கரண்ட் போனால் மாயாவி என்ன செய்வார்?

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அன்றைக்கு காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவி எங்கள் ஊரில் இருந்திருந்தால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர் மறைய வேண்டுமானால் உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். இங்கே கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, சாயாமல் நின்றவற்றில் கம்பி இல்லை. சில தெருக்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பிளக்கில் விரலை விட்டிருந்தால் ஒட்டடைதான் ஒட்டியிருக்கும்.

இப்படியெல்லாம் யோசனை போவதற்குக் காரணம் என் தொழில். திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்து, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். புயல் ஓய்ந்த அந்த நாட்களில் தண்ணீர் புகுந்த மோட்டார்கள் கடை வாசலில் குவிந்துவிட்டன. வேலை ஏராளம், டெஸ்ட் பண்ணிப் பார்க்கத்தான் கரண்ட் இல்லை. வீட்டில் ஓடு பறந்து, பரண் நனைந்து, அண்ணனுடைய பழைய டிரங்க் பெட்டியையும் வெயிலில் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே முத்து காமிக்ஸ். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தும் சாக்கில் உட்கார்ந்து படித்துவிட்டேன்.

சின்ன வயதில் எனக்கு மாயாவியைப் பிடிக்காது. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவருடையதுதான். நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாட்களில் அவர் ஏற்கெனவே அண்ணன்மார்களின் ஹீரோவாகிவிட்டார். எனக்கு ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் போதும். கோட்டு சூட்டு, படிய வாரிய தலை, பக்கத்தில் ஒரு அழகி. ஹீரோ என்றால் பார்க்க ஹீரோ மாதிரி இருக்க வேண்டாமா? இவர் என்னடாவென்றால் ஆளே தெரியாமல் ஒரு கை மட்டும் காற்றில் மிதந்து வருகிறார். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. எங்கள் இரண்டு பேர் காசையும் சேர்த்தால்தான் ஒரு புத்தகம் எடுக்க முடியும். எதை எடுப்பது என்று கடை வாசலிலேயே சண்டை நடக்கும். மூத்தவன் சொல்வதுதான் சட்டம் என்பதால் மாயாவியே வீட்டுக்கு வருவார்.

பெரியவனான பிறகு படித்தால் அது வேறு கதையாகத் தெரிகிறது. மாயாவியின் நிஜப் பெயர் லூயி கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். ஏற்கெனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் ஏகப்பட்ட மின்சாரம் உடம்பில் பாய்ந்து, அந்தக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது. உடனே ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பிவிடுகிறாரா என்றால் அதுதான் இல்லை. திருடப் போகிறார். புத்தி பேதலித்து ஊரையே மிரட்டுகிறார். அப்புறம்தான் தெளிந்து, நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து நாம் அறிந்த மாயாவி ஆகிறார். 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பிளாஸ்கோ போடும் இருட்டைப் பாருங்கள். பாதி முகம் கறுப்பில் போய்விடும், மீதிப் பாதியில் பயம் மட்டும் தெரியும். சின்ன வயதில் இதை அழுக்கு அச்சு என்று நினைத்திருந்தேன்.

தொழில்காரனாக எனக்குப் பிடித்தது இன்னொன்று. மாயாவியின் மறைவு நிரந்தரம் இல்லை. ஏறிய மின்சாரம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், ஆள் தெரிய ஆரம்பித்துவிடுவார். மறுபடி ஒரு சாக்கெட், ஒரு ஓயர் தேடியாக வேண்டும். எதிரி எத்தனை பேர் என்பதைவிட ஸ்விட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். (மாயாவியைப் படித்துவிட்டுப் பிளக்கில் விரல் விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் தெருவிலும் உண்டு. ஷாக் அடித்தது, யாரும் மறையவில்லை. சின்னப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வேண்டாம் கண்ணுகளா, கரண்ட் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன்.)

எந்த மோட்டாராக இருந்தாலும் பக்கவாட்டில் ஒரு நேம் பிளேட் இருக்கும். எத்தனை ஹெச்பி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம் விடாமல் ஓடலாம் என்று எல்லாம் அதில் அடித்திருப்பார்கள். அதற்கு மேல் ஓட்டினால் சூடாகிக் கருகிவிடும், அப்புறம் என் கடைக்கு வரும். எனக்கு ஒரு ஹீரோ மனதில் நிற்க வேண்டுமானால் அவருக்கும் இப்படி ஒரு பிளேட் வேண்டும் என்று அந்தப் புயல் வாரத்தில் தோன்றியது. 1938-ல் வந்த முதல் சூப்பர்மேனுக்குக்கூட அது இருந்திருக்கிறது. அப்போது அவர் பறக்கவில்லை, எட்டில் ஒரு மைல் தூரம் தாவினார். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவர் தோலைத் துளைக்காது என்றுதான் எழுதியிருந்தார்கள். அப்படியானால் அந்தக் குண்டு துளைக்கும் என்றுதானே அர்த்தம்? போகப்போக யாரோ பிளேட்டைக் கழற்றிவிட்டார்கள். பறந்தார், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போனார். 1943-ல் வானொலி நாடகத்திலும் 1949-ல் காமிக்ஸிலும் கிரிப்டோனைட் என்ற கல் வந்து சேர்ந்தது. அது மட்டும் வந்திருக்காவிட்டால் அவரை வைத்து ஒரு பக்கம்கூட எழுத முடியாமல் போயிருக்கும் என்பது என் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து அந்தச் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல்தான், அறுபதுகளில் பிரிட்டனின் லயன் இதழுக்காக ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை, நம்ம ஸ்பைடர். கூரான காது, எரிச்சலான முகம், வலை வீசும் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். 1965-ல் டெட் கோவன் உருவாக்கி, ரெக் பன் வரைந்த ஆள். உலகத்தில் உள்ள திருடர்களுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆரம்ப லட்சியம். பிற்பாடு வில்லன்களை அடிக்கக் கிளம்பியதும்கூட நல்ல எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன்னைவிட இன்னொருவன் பெரிய ஆள் என்று பேர் எடுப்பதா என்ற வயிற்றெரிச்சல். பக்கத்துக்குப் பக்கம் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வான். உலகத்திலேயே நேரான ஹீரோவைப் படைத்தவர், வயதான பிறகு இப்படி ஒரு கோணல் ஆசாமியை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ரசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது படித்தால் தெரிகிறது.

இரும்பு மனிதன் ஆர்ச்சி என்ற ரோபோவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

புயல் போன கையோடு, 2012 ஜனவரியில் நம்ம தமிழ் லயன் காமிக்ஸ் நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வர ஆரம்பித்தது. அதே வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. மாயாவிக்கு ஏற்ற வருஷம் இல்லை. எனக்கு நேரம் இருந்தது, சந்தா கட்டினேன். வெளியூர் வேலைக்குப் போகும்போது டூல்ஸ் பையில் ஸ்பேனருக்கும் இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கருக்கும் நடுவே ஒரு புத்தகம் இருக்கும். அந்தப் பையால்தான் அடுத்த கதவு திறந்தது.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு வீடு. கிணற்று மோனோபிளாக் மோட்டார் கருகி, கட்டிக் கொடுத்து, பொருத்தப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நடை மட்டும் இன்னும் அணிவகுப்பு நடைதான். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, பொம்ம புக்கு படிப்பியா?"

"படிப்பேன் ஐயா."

"அப்ப மோட்டார மாட்டிட்டு உள்ள வா."

உள்ளே ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கெட்டி அட்டை ஆல்பங்கள். பிரான்சில் இருந்தபோது பிள்ளைகளுக்காக வாங்கியவையாம். பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது பாரிஸில், புத்தகங்கள் மட்டும் முதலியார்பேட்டைக்கு வந்துவிட்டன. எனக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாது. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக விரல் வைத்துக் கதை சொன்னார். அதன்பிறகு புதுச்சேரிப் பக்கம் வேலை வந்தால் அங்கே எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டார். "குந்திப் படி, போவும்போது வச்சிட்டுப் போ" என்பதுதான் சட்டம்.

முதலில் காட்டியது ஒரு பொடிப் பையன். தலையில் பெரே தொப்பி, கழுத்தில் மஃப்ளர். பெயர் பென்வா பிரிஸ்ஃபேர். ஸ்மர்ஃப்களை உருவாக்கிய பெல்ஜியக்காரர் பேயோ 1960-ல் படைத்தவன். லாரியைத் தூக்குவான், சுவரைப் பிளப்பான், குதித்தால் கூரைக்குப் போவான். ஆனால் ஜலதோஷம் பிடித்துவிட்டால் அவ்வளவுதான், சக்தி மொத்தமும் போய்விடும். மூக்கு ஒழுக நிற்கிற சாதாரணப் பையன் ஆகிவிடுவான். "பாரு, இங்க தும்முறான்" என்று ஐயா ஒரு கட்டத்தைக் காட்டினார். "இனிமே இவன நாய்கூட மதிக்காது." பென்வாவின் இன்னொரு கஷ்டமும் எனக்குப் பிடித்தது. பந்தை உதைத்தால் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். அதனால் மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை. அவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு தெரு ஓரத்தில் தனியாக நிற்கிறான். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். அதுவே பாதிச் சிரிப்பு. மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ரவுடிகளைத் தூக்கி எறிவான்.

ஐயாவுக்கு உயிர் அதில் இல்லை, ஃபிலெமோனில். ஃப்ரெட் என்ற பெயரில் வரைந்தவர் 1965-ல் பிலோத் வார இதழில் தொடங்கிய தொடர். ஆஸ்டெரிக்ஸ் வந்ததும் அதே இதழில்தான். வரைபடத்தில் அட்லாண்டிக் பெருங்கடல் என்று நீலத்தின் மேல் எழுத்துப் போட்டிருப்பார்கள் அல்லவா? அந்த எழுத்துகள் கடலில் நிஜமாகவே தீவுகளாக இருக்கின்றன. அதுதான் கதை. கோடு போட்ட பனியனும் வெறுங்காலுமாகத் திரிகிற கிராமத்துப் பையன் ஃபிலெமோன். அவனுக்கு அனத்தோல் என்று ஒரு கழுதை. வீட்டுக் கிணற்றில் கடிதம் அடைத்த பாட்டில்கள் மிதந்து வருகின்றன. என்ன ஏது என்று பார்க்க இறங்குகிறவன் கிணற்றுக்குள் போய், அட்லாண்டிக்கின் முதல் எழுத்தான தீவில் கரையேறுகிறான். வானத்தில் இரண்டு சூரியன்.

அங்கே முன்னாடியே ஒருவர் இருக்கிறார். பார்தெலெமி, கிணறு வெட்டுகிறவர்.

"வேல பாக்க எறங்குனவன் தம்பி, நாப்பது வருஷம் அங்கயே மாட்டிக்கினான்."

"அப்புறம் ஊர் திரும்பினாரா ஐயா?"

"வந்தான், வந்தான். வந்து என்னா? மூஞ்சத் தூக்கி வச்சிக்கினான். திரும்ப அந்தத் தீவுக்கே போவணும்னு அழுவறான். அடுத்தடுத்த புக்கு பூரா அதான். இந்தப் பையன் அவன எப்படித் திருப்பி வுடறதுன்னு அல்லாடறான்."

சொல்லிவிட்டு ஐயா ரொம்ப நேரம் சிரித்தார். பிள்ளைகள் பாரிஸுக்குக் கூப்பிடுவதும், போனவர் குளிர் தாங்கவில்லை என்று சில மாதத்தில் முதலியார்பேட்டைக்கு ஓடி வருவதும், வந்து கொஞ்ச நாளில் அந்த ஊர் ரொட்டியை நினைத்துப் புலம்புவதும் எனக்குத் தெரியும். இதில் எது வீடு, எது தீவு என்று நான் கேட்கவில்லை.

என் நேம் பிளேட் கணக்கு ஃபிலெமோனிடம் உதவவில்லை. அவனுக்குச் சக்தி என்று எதுவுமே கிடையாது, எல்லை எங்கே இருக்கும்? அடிக்கத் தெரியாது, பறக்கத் தெரியாது. எதைப் பார்த்தாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று நடக்க ஆரம்பித்துவிடுவான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அப்பா நம்பமாட்டார். காதைப் பிடித்துத் திருகுவதோடு சரி. ஹீரோ என்பதற்கு எந்த இலக்கணத்தைக் கொண்டுவந்தாலும் அவன் வெளியேதான் நிற்கிறான். ஆனாலும் அவனோடு அந்தத் தீவுக்குப் போக முடியும் என்று தோன்றுகிறது. ஜேம்ஸ் பாண்டோடு எங்கேயும் போக முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஃப்ரெட் 2013-ல் இறந்தார், கடைசி ஃபிலெமோன் ஆல்பம் வந்ததும் அதே வருஷம்தான். ஐயாவிடம் அது இல்லை. பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாராம்.

அமெரிக்கச் சரக்கு எனக்கு வந்தது இரண்டு வழியில். ஒன்று, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தை. பழைய ஜீன்ஸ் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் சாக்கு விரித்துப் புத்தகம் போட்டிருப்பார்கள். அங்கே கிடைத்த அட்டை இல்லாத ஒரு பழைய தொகுப்பில்தான் 1963-ல் வந்த மாற்று வீரர்கள் கூட்டத்தைப் பார்த்தேன். முப்பதாம் நூற்றாண்டின் வீரர் படை ஒன்று ஆள் எடுக்கிறது. உன் சக்தி உதவாது என்று அதில் கழித்துக்கட்டப்பட்டவர்கள் சேர்ந்து தனியாக ஒரு குழு தொடங்குகிறார்கள். ஸ்டோன் பாய் கல்லாக மாறுவான், மாறினால் நகர முடியாது. நைட் கேர்ளுக்கு யானை பலம் இருக்கிறது, ஆனால் இருட்டில் மட்டும். வெளிச்சம் பட்டால் போய்விடும். இவளை மாயாவியோடு நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கரண்ட் வேண்டும், இவளுக்குக் கரண்ட் போக வேண்டும். 2012-ல் நம்ம மாவட்டத்தை இவளிடம் ஒப்படைத்திருக்கலாம்.

அந்தப் பெரிய படையிலேயே இன்னொரு பையன் உண்டு, கிடைப்பதையெல்லாம் தின்பவன். இரும்பு, கல், இயந்திரம் எதுவானாலும் மென்று விழுங்குவான். அவனுடைய கிரகத்தில் கிருமிகள் உணவை எல்லாம் விஷமாக்கிவிட, வேறு வழியில்லாமல் எதையும் தின்று ஜீரணிக்கிற ஜனங்களாக மாறிவிட்டார்களாம். படிக்கும்போது சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்த பிறகு அவ்வளவாக வரவில்லை.

இரண்டாவது வழி என் கடைப் பையன். தேவனாம்பட்டினத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகமாட்டேன் என்று காயில் கட்ட வந்தவன். 2019-ல் வந்த டூம் பேட்ரோல் தொடரை எப்படியோ போனில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க ஆளுங்க மாதிரி இருக்காங்கண்ணே. எல்லாம் டேமேஜ் பீஸு" என்று காட்டினான். தொடரை நான் முழுசாகப் பார்க்கவில்லை. மூலக் கதையின் தொகுப்பை வரவழைத்து, டிப்ளமோ படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன்.

1963-ல் அர்னால்ட் டிரேக், பாப் ஹேனி எழுத, புரூனோ பிரமியானி வரைந்து தொடங்கியது. சக்கர நாற்காலியில் ஒரு தலைவர், அவர் கீழே விபத்தில் பிழைத்தவர்கள். எக்ஸ்-மென் வந்தது அதே வருஷம், சில மாதம் பிந்தி. அதிலும் சக்கர நாற்காலித் தலைவர்தான், ஆனால் எக்ஸ்-மென் ஊர் அறிந்த பேராகிவிட்டது, இவர்கள் ஆகவில்லை. கிளிஃப் ஸ்டீல் கார் பந்தய வீரர், விபத்தில் உடம்பு போய் மூளை மட்டும் மிஞ்சி, அதை ஒரு உலோக உடம்பில் வைத்திருக்கிறார்கள். ரீட்டா ஃபார் நடிகை, எரிமலைப் புகையைச் சுவாசித்ததில் மலை அளவு வளரவும் எறும்பு அளவு சுருங்கவும் முடிகிறது. மூன்றாவது ஆள் லாரி டிரெய்னர், சோதனை விமானி. கதிர்வீச்சில் மாட்டிக்கொண்டதால் தலையிலிருந்து கால் வரை கட்டுத் துணி. அவர் உடம்பிலிருந்து ஒரு கறுப்பு உருவம் பிரிந்து போய்ச் சண்டை போடும். சரியாக அறுபது வினாடி. அதற்குள் திரும்பி வராவிட்டால் லாரி செத்துவிடுவார். இதைவிடத் தெளிவாக ஒரு நேம் பிளேட்டை யார் அடிக்க முடியும்? உருவம் எங்கேயோ பறந்துகொண்டிருக்க, உடம்பு தரையில் கிடக்கும். நாம் வினாடி எண்ணிக்கொண்டே பக்கத்தைத் திருப்புவோம்.

தங்களைப் பார்த்து ஊரே முகம் சுளிக்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் புலம்பவும் செய்வார்கள், ஒருவரை ஒருவர் நக்கலும் அடித்துக்கொள்வார்கள். கிளிஃப்புக்கு ஒவ்வொரு சண்டையிலும் கையோ காலோ கழன்றுவிடும், அடுத்த கதைக்குள் ரிப்பேர் ஆகியிருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் நான் தொழில் புத்தகம் மாதிரி உற்றுப் பார்ப்பேன்.

1968-ல் விற்பனை விழுந்து இதழ் நிற்கப் போகிறது. டிரேக் ஒரு காரியம் செய்தார். கடைசி இதழில் நாலு பேரையும் ஒரு தீவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஜெனரல் சால் என்ற வில்லன் இரண்டு இடத்தில் வெடி வைத்திருக்கிறான். ஒன்று அவர்கள் நிற்கும் தீவு, இன்னொன்று மெய்ன் மாநிலத்தில் காட்ஸ்வில் என்ற மீனவக் கிராமம். மொத்த ஜனத்தொகை 14 பேர். யார் சாக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்கிறான். பேர்கூடக் கேள்விப்படாத 14 பேருக்காக யார் உயிரை விடுவார்கள், கெஞ்சுவார்கள், உலகமே பார்க்கட்டும் என்பது அவன் கணக்கு. அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. எங்களை வெடித்துவிடு என்கிறார்கள். தீவு வெடிக்கிறது, கதை முடிகிறது. ஓவியரும் இதழாசிரியரும் தாங்களே பக்கத்தில் தோன்றி, இவர்கள் திரும்ப வர வேண்டுமா என்று வாசகர்களைக் கேட்கிறார்கள். அப்போதைக்கு யாரும் வரவில்லை. கிளிஃப் மட்டும் 1977-ல் வேறொரு இதழில் எழுந்து வந்தார்.

இந்தப் பக்கங்களை நான் கடையில் வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் ஸ்டேட்டரில் கம்பி இறக்கிக்கொண்டே கேட்டான். 2004 சுனாமியில் அவர்கள் குப்பம் என்ன ஆனது என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவன் அப்போது கைக்குழந்தை. ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன்.

"அந்த ஊர்ல என்ன மீன்ணே கெடைக்கும்?"

"காட்னு ஒரு மீன். குளிர்க் கடல்ல இருக்குமாம்."

"பாத்ததில்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "பதினாலு பேருன்னா ரெண்டு போட்டுல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கலாமேண்ணே, வில்லன் பேசிக்கிட்டே இருக்கான்ல" என்றான். டிரேக்குக்கு இது தோன்றவில்லை.

1989-ல் இருந்து கிராண்ட் மாரிசன் எழுதிய டூம் பேட்ரோல் இன்னும் விசித்திரமாக இருக்கும் என்றார்கள். இருக்கிறதுதான். 64 ஆளுமைகள் ஒரே உடம்பில் இருக்கும் ஒரு பெண், ஒவ்வொரு ஆளுமைக்கும் ஒரு சக்தி. பாரிஸ் நகரத்தையே விழுங்கும் ஓர் ஓவியம். இதில் பாதி எனக்குப் புரியவில்லை. சில இடங்களில் விசித்திரத்துக்காகவே விசித்திரம் செய்கிறார் என்று எரிச்சலும் வந்தது. கஷ்டப்படுகிற ஆள் ஒருவராவது கட்டத்துக்குள் இல்லாவிட்டால் எனக்குக் கை தானாகப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறது. ஆனால் டேனி என்ற தெருவுக்காக அவர் எழுதிய எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். ஆமாம், தெருதான். உயிருள்ள, அறிவுள்ள தெரு. ராத்திரியில் ஏதாவது ஓர் ஊரில் இரண்டு தெருக்களுக்கு நடுவே தன்னை நுழைத்துக்கொள்ளும், விடிந்தால் வேறு ஊர். கடைப் பலகை எழுத்துகளால் பேசும். எங்கேயும் ஒட்டாதவர்கள் எல்லோரும் அதில் குடியிருக்கிறார்கள். புதுச்சேரியில் நீலப் பலகைகளில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதிய தெருக்களில் வண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது, நேற்று இந்தச் சந்து இங்கே இல்லையே என்று ஒரு விநாடி நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பெரும்பாலும் நான்தான் வழி மாறி வந்திருப்பேன்.

ஐயாவிடம் டேனியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "வாடகை யாரு வாங்குவாங்க?" என்றார்.

இப்போது கடையில் நடக்கும் சண்டை அணில் பெண்ணைப் பற்றி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வில் மர்ரே எழுத, ஸ்பைடர்மேனை முதன்முதலில் வரைந்த அதே ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்குவிரல் கேர்ள். புசுபுசு வாலோடு ஒரு பெண், அணில்களோடு பேசுவாள். முதல் கதையிலேயே டாக்டர் டூமை அணில்களை ஏவித் தோற்கடித்துவிடுகிறாளாம். டாக்டர் டூம் என்றால் மார்வெலில் பெரிய தலை, நாட்டையே ஆள்பவன். இதெல்லாம் ஓவர், வில்லனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்றேன்.

"ராமருக்கே அணில் ஹெல்ப் பண்ணலயாண்ணே?"

"பாலம் கட்டுறதுக்கு மணல் போட்டுச்சுடா. ராவணன அடிக்கல."

"சான்ஸ் குடுத்திருந்தா அடிச்சிருக்கும்ணே."

புத்தகத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. பாதிக் காசு அவனுடையது. அதனால் முதலில் அவன்தான் படிப்பானாம், அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.